கடலோடு போன இணக்கி

கூடாரத்தின் நான்கு மூலைக்கும் முளை அடிக்க வேண்டும் என்று பையின் மேலேயே படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார். காலடியில் கிடந்த கரும்பாறையைப் பார்த்தார். கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். பிறகு ஒரு மூலையில் தண்ணீர்க் கேன், இன்னொன்றில் அரிசி டப்பா, மூன்றாவதில் தன் செருப்பு ஜோடி, நான்காவதில் இறை நம்பிக்கை என்று பாரம் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனார்.

மூன்று நாளாக அவரும் பெண்டாட்டி உலகம்மையும் வேனுக்குள்ளேயே படுத்து எழுந்து இடுப்பு பிடித்திருந்தது. இன்று காலைக் காப்பியாவது கடலைப் பார்த்தபடி கூடாரத்தில் குடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆடி மாதக் கடலுக்கு அதில் சம்மதமா என்று அவர் கேட்கவில்லை.

"ஏட்டி உலகு, பாத்தியா? ஒத்த முளை கெடையாது. எப்படி நிக்கி பாரு! இதுக்குப் பேருதான் இஞ்சினீரிங்" என்றார் வாயில் நுரையோடு.

கூடாரம் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு தரம் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது. அரிசி டப்பா உருண்டது. செருப்பு ஒன்று எகிறியது. ஆவுடையப்பன் பல் பிரஷைத் துப்பிவிட்டு ஓடுவதற்குள் ஆரஞ்சு நிறக் கூடாரம் பாறை விளிம்பைத் தாண்டி, கொஞ்ச நேரம் ஆகாயத்தில் யோசித்து, பிறகு முப்பதடி கீழே அலைக்குள் தலைகுப்புற விழுந்தது. அலை அதைப் பாறையில் ஒரு அடி அடித்துத் துவைத்தது. அப்புறம் காணவில்லை.

உள்ளே இரண்டு போர்வை, ஒரு டார்ச், சார்ஜ் ஏறட்டுமென்று அவர் திறந்து வைத்திருந்த சின்னச் சார்ஜர் பெட்டி. பெட்டிக்குள் அவருடைய இணக்கி.

"போச்சு!" என்று தலையில் கைவைத்து நின்றவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆட்டுரலில் யாரோ கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது மாதிரி. திரும்பினால் உலகம்மை முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு, முதுகை ஒடித்துக் குனிந்து நிற்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது.

"என்னட்டி, இளைப்பு வந்துட்டா? பம்பு எங்க? வேன்லயா?"

அவள் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றாள். சத்தம் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பாவம், கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆவுடையப்பன் வருந்தினார்.

இணக்கி என்பது பயற்றம்பருப்பு அளவில் காதுக்குள் உட்காரும் சாமான். உங்களோடு ஜோடி சேர்த்த ஆள் என்ன பேசினாலும் அதை அந்த ஆளின் குரலிலேயே, உங்கள் மனம் நோகாதபடி மாற்றிக் காதில் போடும். நிஜப் பேச்சு வெளியிலேயே நின்றுவிடும். தொலைபேசியில் நாள் முழுக்க வசவு வாங்கும் பணியாளர்களுக்காக வந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்கு, ஆபீசுக்கு வந்தது. கடைசியில், வரக்கூடாத இடம் என்று ஒன்று உண்டா, கல்யாணத்துக்குள் வந்தது. இப்போது சீர்வரிசைத் தட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஜோடியாக வைக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியில் நெல்லை வட்டாரப் பேச்சுக்கு ஒன்பது வருஷம் இதமொழி எழுதியவர் ஆவுடையப்பன்தான். இடது பக்கம் வசவு, வலது பக்கம் இதம். பதினோராயிரம் வரிகள். 'நாசமாப் போங்க' என்று இடது பக்கம் இருந்தால் 'பாத்துப் போயிட்டு வாங்க' என்று வலது பக்கம் எழுதுவார். 'ஒங்க மூஞ்சியில முழிச்சதே தரித்திரம்' என்பதற்கு அரை நாள் யோசித்து 'நல்லாத் தூங்குனியளா?' என்று எழுதியதை மேலதிகாரி எல்லோருக்கும் அனுப்பிப் பாராட்டினார். வசவுகளுக்குப் பஞ்சம் வந்தபோது உலகம்மையிடம்தான் கேட்பார். "ஒங்க ஆச்சி ஊருல என்னெல்லாம் ஏசுவாவ? ஒரு தாள்ல எழுதிக் குடேன்" என்பார். அவளும் எழுதிக் கொடுப்பாள். உலகத்திலேயே தன் பெண்டாட்டியிடம் வசவைக் கேட்டு வாங்கிச் சம்பளம் பெற்ற ஒரே ஆள் நான்தான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்னதற்கெல்லாம் அவள் சிரிக்கவும் செய்தாள். நன்றாக, மணி உருட்டினது போல. வேறு எவன் பெண்டாட்டி இருபத்தாறு வருஷம் கழித்தும் புருஷன் ஜோக்குக்குச் சிரிக்கிறாள்?

பங்குனியில் ஓய்வு பெற்றார். ஆனி மாதம் ஒருநாள் உலகம்மை அடுக்களை வாசலில் வந்து நின்று, "வீட்டுலயே கெடந்து அலுத்துப் போச்சுங்க. எங்கயாவது போவமா?" என்றாள். அவள் வாய் திறந்து எதையும் கேட்டதே கிடையாது. மறுவாரமே படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றைப் பிடித்து, 'தேரோட்டம்' என்று பேர் எழுதி, பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டார். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத மாதம். "இப்ப வந்தா காத்துதான் சார் இருக்கும்" என்றார் முகாம் இடத்தைப் பார்த்துக்கொள்பவர். "காத்து வாங்கத்தான் வாரோம்" என்றார் இவர்.

வழியெல்லாம் ஒரு கேள்வியை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மணப்பாட்டில் கேட்டார், உவரியில் கேட்டார், கன்னியாகுமரியில் மழைக்கு ஒதுங்கி நிற்கையில் கேட்டார். வீட்டைத் தங்கச்சி மகனிடம் விட்டுவிட்டு, மிச்ச ஆயுசை இப்படி இந்த வேனிலேயே ஓட்டிவிடலாமா? நீயும் நானும் மட்டும். வருவியா?

மூன்று இடத்திலும் உலகம்மை ஒரே பதிலைத்தான் சொன்னாள். "பாப்போம்ங்க."

கூடாரம் போன பிறகு அடுப்பைப் பற்றவைக்க மனமில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. டீக்கடை ஏதாவது இருக்கிறதா பார்ப்போம் என்று கடலோரச் சாலையில் வேனை விட்டார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாறை, நடுவில் சாலை போட்டவனுக்கே சந்தேகம் வந்த மாதிரி ஒரு சாலை. கீழே அலை மோதும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெளித்தது.

"நாம கூடாரம் வாங்கல உலகு. மீனுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கோம். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுமா பாரு."

மணிச் சிரிப்பு கேட்கவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று சொன்னார். அதற்கும் ஒன்றுமில்லை. துடைப்பான் கண்ணாடியில் கிறீச்சென்று போய் வந்தது.

"ஹாரன அடிங்க. வளைவு" என்றாள் அவள். அந்தக் குரல் அவரைத் தூக்கிப் போட்டது. கரகரத்து, அடித்தொண்டையிலிருந்து வந்த, வயதான ஒரு பெண்ணின் குரல். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தார். அடுத்த வளைவில்தான் உறைத்தது. இணக்கி குரலையும் கொஞ்சம் இழைத்துத்தான் கொடுக்கும். அந்த யோசனையைச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். உலகம்மைக்கு எப்போது இந்தக் குரல் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

படகுகள் கரையேறிக் கிடந்த ஒரு துறையில், தகரக் கூரைக்குக் கீழே டீக்கடை இருந்தது. கடைக்காரி பிளோமினாள். ஐம்பது வயசு, முழங்கை வரை மாவு. பின்னால் அவள் புருஷன் ததேயுஸ் நைலான் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது.

"இந்தக் காத்துல எவனாவது இஞ்ச வருவானா?" என்றாள் பிளோமினாள், டீயை வைத்தபடி.

"நாங்க வந்துட்டோம்லா. கூடாரம்கூடக் கொண்டாந்தோம். அது கடல்ல குளிக்கப் போயிருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

பிளோமினாள் சிரிக்கவில்லை. "முளை அடிக்கலியா? ஆடிக்காத்துக்கு முளை அடிக்காம கூடாரம் போட்டியளா? உமக்கு மூளை கீளை உண்டா ஓய்?"

ஆவுடையப்பனுக்குக் காது சுட்டது. எத்தனையோ வருஷம் கழித்து ஒரு வசவு நேரே வந்து விழுகிறது. அசட்டுச் சிரிப்போடு, "என்னோட இணக்கியும் அதோட போயிட்டும்மா. இல்லைன்னா…" என்றார்.

"இல்லைன்னாலும் நான் ஏசுனது உமக்குக் கேட்டிருக்கும். நான் என்ன உமக்க ஜோடியா?" என்றவள், சட்டென்று உலகம்மை பக்கம் திரும்பினாள். "நீங்களும் தொலைச்சிட்டியளா?"

"நான் அதக் கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் டீயை உதட்டருகில் நிறுத்தினார். "என்னது?"

அவள் பதில் சொல்வதற்குள் ததேயுஸ் வலையிலிருந்து நிமிர்ந்தார். "நல்ல காரியம். இந்தத் துறையில எவனும் அத வள்ளத்துல ஏத்த மாட்டான்." கையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு வாரம் பத்துப் பேரு ஒரே படகுல கெடப்போம். சண்டை வரப்படாதுன்னு முதலாளி எல்லாவனுக்கும் ஒண்ணு வாங்கி, பத்தையும் ஜோடி சேத்துக் குடுத்தாரு. நல்லாத்தான் இருந்து. பத்துப் பேரும் பெண்ணெடுத்த வீட்டுல பேசுத மாதிரிப் பேசிக்கிட்டோம். ஒருநாள் வலை ஏத்துதப்போ கை கயித்துல மாட்டிட்டு. பின்னால நிண்ணவன் 'எடு கைய சவமே'ன்னு தொண்டை கிழியக் கத்துதான். எனக்க காதுல 'அண்ணே, முடிஞ்சா கைய கொஞ்சம் எடுக்கியளா'ன்னு கேக்குது. முடிஞ்சப்போ எடுத்தேன். ரெண்டு விரலு வரல்ல."

"ஆபத்துக்கு விலக்கு உண்டு" என்றார் ஆவுடையப்பன், யோசிக்காமல். "கத்துத சத்தம் ஒரு அளவுக்கு மேல போனா அப்படியே விட்டுரும். நாங்க வச்சிருந்தோம்."

"நாங்கன்னா?"

அவர் சொன்னார். கம்பெனி, பதினோராயிரம் வரி, எல்லாம். ததேயுஸ் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கடல்ல எல்லாமே கத்தல்தானே அண்ணாச்சி" என்றார் நிதானமாக. "'உப்பத் தா'ன்னு சொல்லணும்னாலும் கத்தத்தான் செய்யணும். அது எத ஆபத்துன்னு கண்டுச்சு?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ பிளோமினாள் கேட்டாள். "சரி, ஒருத்தரு ஒரே போடா 'மாட்டேன்'னு சொல்லிட்டா அந்தச் சாமான் என்ன செய்யும்? அதுக்கு என்னத்த இதம் இருக்கு?"

ஆவுடையப்பன் இதற்கு மட்டும் தயங்கியதே இல்லை. வேலைக்கு எடுக்கும்போது வைத்த தேர்வில் முதல் கேள்வியே அதுதான். "அது சுளுவும்மா. 'மாட்டேன்'னு சொன்னா 'பாப்போம்'னு கேக்கும். நான்தான் எழு…"

வாய் அங்கேயே நின்றது.

உலகம்மை டம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். "மழை விட்டுட்டு. போவமா?" என்றாள்.

கூடாரம் பறந்த பாறைக்கே திரும்பி வந்தார்கள். தண்ணீர்க் கேன் இருந்த இடத்தில் இருந்தது. ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அரிசி பாறை இடுக்கெல்லாம் சிதறியிருந்ததை உலகம்மை குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

"விடுட்டி. காக்கா தின்னட்டும்." பிறகு, "ரெண்டு வருஷமாவா?" என்றார்.

அவள் பாறையில் உட்கார்ந்தாள். "செவியில சீழு வச்சுதே, ஞாபகம் இருக்கா? டாக்டரு ஒரு வாரம் கழட்டி வைக்கச் சொன்னாரு. அந்த வாரந்தான் ஒங்க மைனி மகளுக்கு வளைகாப்பு. பந்தியில எல்லாரும் இருக்கையில நீங்க என்ன சொன்னிய?"

அவருக்கு நினைவிருந்தது. நன்றாக எடுபட்ட ஜோக். 'எங்க வீட்டுலயும்தான் தொட்டிலுக்குக் கயிறு வாங்குனோம். இருபது வருஷமா அதுல எங்க ரெண்டு பேரு துணிதான் காயுது.' பந்தியே சிரித்தது.

"அது நான் என்னையத்தானட்டி கேலி பண்ணேன்…"

"எனக்கு அப்படிக் கேக்கலங்க. அதுக்கு முன்னால எப்படிக் கேட்டுருக்கும்னும் தெரியாது. அந்தச் சாமான் என்னத்தையாவது மாத்திப் போட்டிருக்கும், நானும் ஒங்ககூடச் சிரிச்சிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் நான் அத மாட்டல. நீங்க பேசுனதெல்லாம் எனக்கு அப்படியே கேட்டுச்சு. எங்கப்பா நடை, எங்கம்மா சமையல், எனக்கு மாசம் தள்ளிப்போன கதை, எல்லாம். நீங்க கெட்டவுக இல்ல. ஒங்களுக்கு அழத் தெரியல. வாயில வந்தத ஜோக்கா ஆக்கிருதிய. எனக்கு அது புரியுது. புரிஞ்சா வலிக்காதுன்னு இல்லேல்லா."

"நீ சொல்லிருக்கலாம்லா?"

அவள் அவரையே பார்த்தாள். "எத்தன தடவ சொல்லணும்? அதக் காதுலேருந்து கழட்டுங்க, கழட்டுங்கன்னு நான் கத்தாத நாளு இல்ல."

"காதுக்கு எண்ணெய் விடட்டுமான்னு கேப்ப. நான்கூட, நம்ம மேல எவ்வளவு அக்கறை…"

"நான் ஒருநாளும் எண்ணெய் விடட்டுமான்னு கேக்கல."

கீழே ஓர் அலை வந்து உடைந்தது. ஆவுடையப்பன் மெள்ள, "எழுதிக் குடுத்திருந்தா…" என்றார்.

"எழுதுனேன். போன வருஷம் கார்த்திகையில. ரெண்டு பக்கம். ஒங்க மேசையில கொண்டாந்து வச்சேன்." இப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இடறியது. "சாயங்காலம் வந்து பாத்தா செவப்பு மையில அஞ்சாறு எடத்துல கோடு போட்டு, 'அற்புதம். இன்னும் இருந்தா எழுது'ன்னு ஓரத்துல எழுதி, அடுக்களையில ஒட்டி வச்சிருந்திய."

அவருக்கு அந்தத் தாள் கண்முன் வந்தது. பழைய வசவுகளைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்த நாட்கள். பிரமாதமாக எழுதியிருக்கிறாளே, ரத்தமும் சதையுமாக இருக்கிறதே என்று அப்படியே இடது பக்கத்தில் ஏற்றினார். பதினேழு வரிகள். அவற்றில் ஒன்று: 'இனி ஒங்ககூட ஒரே வீட்டுல இருக்க என்னால ஆகாது.' அதற்கு வலது பக்கத்தில் என்ன எழுதலாம் என்று நகத்தைக் கடித்து யோசித்தது, மூன்று முறை அடித்தது, கடைசியில் ஒன்று அகப்பட்டதும் தன் தொடையில் தானே தட்டிக்கொண்டது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.

'வீட்டுலயே கெடந்து அலுத்துப் போச்சுங்க. எங்கயாவது போவமா?'

ஆனி மாதம். அடுக்களை வாசல். அவள் வாய் திறந்து கேட்ட நாள்.

ஆவுடையப்பன் திரும்பி வேனைப் பார்த்தார். பின்கதவில் அவர் கையாலேயே எழுதிய 'தேரோட்டம்' மழையில் நனைந்து பளபளத்தது. ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல ஜோக்குதான். விழுங்கினார். அவர் வாழ்நாளில் விழுங்கிய முதல் ஜோக்கு. மீன் முள்ளைப் போல இறங்கியது.

"அப்புறம் ஏன்ட்டி கெளம்பி வந்த?"

"நீங்க வேனக் கொண்டாந்து நிறுத்தி, சின்னப்புள்ள மாதிரி ஹாரன் அடிச்சிய. போற வழியில எங்கயாவது சொல்லிருவோம்னு ஏறுனேன். மணப்பாட்டுல சொன்னேன். உவரியில சொன்னேன்." அவள் கையிலிருந்த அரிசியைக் கடல் பக்கம் உதறினாள். "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. ஒங்களுக்குக் கேக்காதுங்கிறது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. சொல்லிட்டேன்னு மனசு ஆறும். சொன்னதுக்கு ஒண்ணும் நடக்காது. மறுநா சோறு பொங்கலாம். நானும் அப்படியே ரெண்டு வருஷத்த ஓட்டிட்டேன்."

தூறல் மறுபடி தொடங்கியது. இருவருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"நான் சொன்ன எதுக்காவது…" அவர் தொண்டையைச் செருமினார். "நெசமா நீ எப்பவாவது சிரிச்சிருக்கியா உலகு? அந்தச் சாமான் போட்ட மணிச் சத்தம் வேண்டாம். நெசமா."

அவள் பொய் சொல்லலாமா என்று யோசிப்பவள் போல இல்லை. கணக்காக ஞாபகப்படுத்திப் பார்ப்பவள் போல இருந்தாள். "கல்யாணமான புதுசுல சிரிச்சிருக்கேன். பொறவு… இன்னைக்குக் காலம்பற."

"இன்னைக்கா?"

"கூடாரம் பறந்துச்சே. நீங்க வாயில நுரையோட ஓடுனியளே."

ஆட்டுரலில் கூழாங்கல். இளைப்பு என்று நினைத்துப் பம்பைத் தேடினாரே, அது. அதைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும், என்ன மனுஷனோ, நெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டார். மணப்பாட்டிலும் உவரியிலும் கன்னியாகுமரியிலும் கேட்டதையே கேட்டார். ஜோக்கு சேர்க்காமல், கடலைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்கூட வருவியா?"

உலகம்மை அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். மழைத் தண்ணீர் காதுக்குள் போகாதபடி அவர் தலையைச் சுற்றிப் போட்டு, ஒரு பக்கக் காதை மட்டும் நன்றாகத் திறந்து விட்டாள்.

"வரமாட்டேன்" என்றாள்.